அப்பாவின் இதயச் சுவர் 14 மில்லிமீற்றர்: காணியை விற்று மரபணுச் சிகிச்சைக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61. பத்து வருடமாகப் பிறஷர். போன மாதம் எக்கோ எடுத்தபோது இதயம் தடித்திருக்கிறது என்றார்கள். ரிப்போர்ட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். லொசாட்டன் 50 மில்லிகிராம் குளிசை எழுதித் தந்தார்கள். ‘எனக்கு ஒரு வருத்தமும் இல்லை’ என்று சொல்லிச் சொல்லி அப்பா அதை இடையிடையே விட்டுவிடுவார். கடைசியாகப் பார்த்தபோது 158/96. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். இதயம் தடிப்பதையும் ஒட்சியேற்ற அழுத்தத்தையும் மரபணுச் சிகிச்சையால் தடுக்க முடியும் என்று அதில் சொல்கிறார்கள். தேடிப் பார்த்து ஒரு வெளிநாட்டுக் கிளினிக்கோடு வட்ஸ்அப்பில் கதைத்தோம். ஒரே ஊசி, 18,000 டொலர், மாத முடிவுக்குள் முற்பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். மானிப்பாய்க் காணியை விற்கலாம் என்கிறார் அம்மா. அதுவரைக்கும் அன்ரிஒக்சிடன் கப்சூல் வாங்கிக் கொடுக்கிறோம். தம்பிக்கு 27, அவன் ஃபுட்போல் பைத்தியம், இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. சித்தப்பாவும் 36 வயதில் கரப்பந்தாட்டம் ஆடும்போதே விழுந்து இறந்தவர் என்பதால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

— வாசகி, வெள்ளவத்தை

பதில்:

காணியை விற்க வேண்டாம். முற்பணத்துக்கு நாள் குறித்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறஷரால் தடித்த இதயத்துக்கு அங்கீகாரம் பெற்ற மரபணுச் சிகிச்சை என்று ஒன்று இன்றைக்கு எந்த நாட்டிலும் இல்லை. பெரிய ஆய்வுகூடங்களிலேயே இல்லாத ஒன்றை வட்ஸ்அப்பில் விலை பேசி விற்கிறார்கள் என்றால், அந்த ஊசிக்குள் இருப்பது வேறு ஏதோ.

அதற்காக மச்சானோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் அனுப்பிய வீடியோ அநேகமாகப் பொய் சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் நடப்பதைச் சொல்லியிருக்கிறது. ஆய்வுகூடத்துக்கும் அப்பாவின் கைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கும். அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

கடிதம் முழுக்க அப்பாவைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் சித்தப்பாவைச் சொல்லியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். 36 வயதில், விளையாடிக்கொண்டிருக்கும்போது, விழுந்து அந்த இடத்திலேயே மரணம். பிறஷரால் தடித்த இதயம் அந்த வயதில் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. பரம்பரையாக வரும் தடிப்பு ஒன்று இருக்கிறது, அது செய்யும். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று பெயர். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் ஒரு மரபணுவில் உள்ள பிழையால் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. சித்தப்பாவுக்கு இருந்தது அதுதானா என்று என்னால் சொல்ல முடியாது, மாரடைப்பு முதல் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதை விசாரிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

இப்போது ரிப்போர்ட்டைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் நாலு எண்கள் முக்கியம். இடது இதயவறையின் நடுச்சுவர் 14 மில்லிமீற்றர், பின்சுவர் 13, இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் பங்கு 62 சதவீதம், இடது சோணையறை 42 மில்லிமீற்றர். ஆண்களுக்குச் சுவர் 10 வரை இருப்பது சாதாரணம். 62 சதவீதம் நல்ல எண். அப்பா தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்வது அதனால்தான், அவர் பொய் சொல்லவில்லை. தடித்த இதயம் பல ஆண்டுகளுக்கு நன்றாகவே பம்ப் செய்யும். சிக்கல் அது தளரும் கட்டத்தில்தான். விறைத்த சுவர் இலகுவில் விரியாது, குருதி உள்ளே வர முரண்டு பிடிக்கும், பின்னால் இருக்கும் சோணையறை அந்த அழுத்தத்தை வாங்கி மெல்லப் பெருக்கும். 42 என்பது அந்தக் கதை தொடங்கிவிட்டது என்பதற்கு அறிகுறி.

இரண்டு சுவரும் ஏறக்குறைய ஒரே அளவில் தடித்திருப்பது பிறஷர் பக்கம் கை காட்டுகிறது. பரம்பரைத் தடிப்பில் பெரும்பாலும் நடுச்சுவர் மட்டும் முந்திக்கொண்டு வீங்கும், வேறு காரணம் இல்லாமல் 15ஐத் தொட்டால் அந்தப் பெயரைச் சூட்டுவோம். ஆனால் நெருங்கிய உறவில் ஒருவருக்கு அந்த நோய் உறுதியாகியிருந்தால் 13 மில்லிமீற்றரே போதும். ஆக, அப்பாவின் 14 இரண்டு பக்கமும் பேசக்கூடிய சங்கடமான எண். சித்தப்பாவின் கதை தெரியாமல் ரிப்போர்ட் எழுதியவர் அதைப் பிறஷர் என்று முடித்ததில் தவறில்லை. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இதயம் ஏன் தடிக்கிறது என்பதற்கு வருவோம். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமைகளின் தோளைப் பார்த்திருப்பீர்கள். சுமை கூடினால் தசை பெருக்கும், இதயமும் அதைத்தான் செய்கிறது. உயர்ந்த பிறஷருக்கு எதிராகக் குருதியைத் தள்ள வேண்டும் என்றால் சுவர் தடித்தே ஆக வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், இந்தச் சுமைக்கு இரவு ஓய்வு கிடையாது, நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் துடிப்பு. இன்னொன்று, இதயத் தசைக் கலங்கள் பெருகுவதே அரிது. 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று அளவுக்குத்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதியும் இல்லை. பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த காபன்-14ஐ வைத்து சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் இதைக் கணக்கிட்டார்கள். குண்டு போட்டவர்கள் செய்த ஒரே உபகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கலம் வராததால் இருக்கிற கலமே கொழுக்கிறது. அதற்கு ஈடாக நுண்குழாய்கள் வளர்வதில்லை, இடையில் நார் படிகிறது, சுவர் விறைக்கிறது.

ஒட்சியேற்ற அழுத்தம் இங்கேதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் இழைமணி என்று படித்திருப்பீர்கள், கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இடம். இதயத் தசைக் கலத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழைமணிகள்தான். சக்தி தயாரிக்கும்போது கொஞ்சம் ஒட்சிசன் அரைகுறையாக மாறி, கையில் பட்டதையெல்லாம் தாக்கும் வடிவத்தில் கசியும். அதை அடக்குவதற்கு உடம்பிலேயே நொதியங்கள் இருக்கின்றன. சுப்பரொக்சைட் டிஸ்மியூட்டேஸ், கற்றலேஸ் இரண்டும் அவற்றில் முக்கியமானவை. சுமை கூடக் கூடக் கசிவும் கூடும், ஒரு கட்டத்தில் நொதியங்களால் ஈடுகொடுக்க முடியாது. அதற்கு மேல் பிறஷர்க்காரரின் உடம்பில் அஞ்சியோடென்சின் என்ற ஹோர்மோன் வேலை செய்கிறது. அது குருதிக் குழாயை இறுக்குவதோடு நிற்காமல், கலத்துக்குள் இந்தத் தாக்கும் ஒட்சிசனைத் தயாரிக்கிற இன்னொரு நொதியத்தையும் முடுக்கிவிடும். அந்த ஒட்சிசன் கலத்தின் வளர்ச்சிச் சுவிட்சுகளைத் தட்டும். கலம் இன்னும் தடிக்கும், கசிவு இன்னும் கூடும்.

இந்த வட்டத்தை எங்காவது அறுக்க முடியுமா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் கப்சூல் கேள்விக்கும் விடை அதில் இருக்கிறது. கற்றலேஸ் நொதியத்தை அதிகமாகச் சுரக்கும் எலிகளைப் பிறப்பிலேயே உருவாக்கினார்கள். ஒரு கூட்டத்தில் அந்தக் கற்றலேஸ் கலத்தில் வழக்கமாக அது இருக்கும் இடத்தில் இருந்தது. இன்னொரு கூட்டத்தில் அதை நேரே இழைமணிக்குள் போய்ச் சேரும்படி செய்தார்கள். இழைமணிக்குள் கற்றலேஸ் இருந்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன என்று 2005இல் வெளிவந்தது. 2011இல் அதே வகை எலிகளுக்கு அஞ்சியோடென்சினை ஏற்றிப் பார்த்தார்கள். இழைமணிக்குள் கற்றலேஸ் இருந்தவற்றின் இதயம் தடிப்பிலிருந்து தப்பியது, மற்றக் கூட்டத்துக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அதே நொதியம், அதே எலி இனம். மாறியது இடம் மட்டும்.

இப்போது நீங்கள் வாங்கிக் கொடுக்கும் கப்சூலை யோசித்துப் பாருங்கள். வாயால் விழுங்கி, குடலில் கரைந்து, ஈரல் தாண்டி, குருதியில் கலந்து, இதயக் கலத்துக்குள் நுழைந்து, அதற்குள்ளும் இழைமணிக்குள் தேவையான அளவு சேர வேண்டும். மனிதர்களில் இதைப் பெரிய அளவில் சோதித்தாகிவிட்டது. பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்த ஆய்வில் விற்றமின் ஈ, விற்றமின் சி, பீற்றா கரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். 2002இல் முடிவு வந்தது, இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை. ஹோப் என்ற இன்னொரு ஆய்வின் நீட்சி 2005இல் வெளிவந்தபோது, விற்றமின் ஈ எடுத்தவர்களில் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. அதனால் கப்சூலை நிறுத்துங்கள். கொய்யா, பப்பாசி, வல்லாரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும், அது வேறு கணக்கு.

கப்சூல் போகாத இடத்துக்கு மரபணு போகும் என்பதுதான் மரபணுச் சிகிச்சையின் கவர்ச்சி. தீங்கில்லாத சிறு வைரஸ் ஒன்றின் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, தேவையான மரபணுவை உள்ளே வைத்து, குருதியில் ஏற்றுவார்கள். ஏஏவி என்று அந்த வைரஸ் குடும்பத்துக்குப் பெயர். அதில் சில வகைகள் இதயத் தசையைத் தேடிப் போகக்கூடியவை. கலத்துக்குள் போன மரபணு அங்கேயே இருந்து புரதத்தைத் தயாரிக்கும்.

எலிகளில் இது காட்டிய வித்தைகள் உண்மையிலேயே வாயைப் பிளக்க வைப்பவை. ஃபிரைட்ரிக் அட்டாக்சியா என்று ஒரு அரிய பரம்பரை நோய் இருக்கிறது. ஃபிராடாக்சின் என்ற ஒரே ஒரு புரதம் குறைவதால் இழைமணிகள் கெட்டு, ஒட்சியேற்ற அழுத்தம் ஏறி, இதயம் தடிக்கும். 2014இல் அந்த நோயுள்ள எலிகளுக்கு ஏஏவி வழியாக ஃபிராடாக்சின் மரபணுவைக் கொடுத்தபோது, கெட்டுப்போயிருந்த இதயம் திரும்பி வந்தது. 2023இல் அமெரிக்காவின் டெக்சாசில் இன்னும் நுட்பமான வேலை செய்தார்கள். இதயக் கலத்தில் ஒட்சியேற்றத்தால் தூண்டப்படும் புரதம் ஒன்று இருக்கிறது. அது தூண்டப்படுகிற அந்த ஒரு புள்ளியை மட்டும் மரபணுத் திருத்தத்தால் மாற்றினார்கள். குருதியோட்டம் தடைப்பட்டுத் திரும்பும்போது ஏற்படும் சேதத்திலிருந்து அந்த எலிகளின் இதயம் மீண்டது. மச்சானின் வீடியோ பெரும்பாலும் இந்த வகைச் செய்திகளில் ஒன்றைத்தான் சொல்லியிருக்கும்.

சரி, மனிதர்களில்? இங்கேதான் வீடியோக்கள் வேகமாகக் கடந்து போகும். சாதாரண இதயச் செயலிழப்புக்கு மரபணு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு கியூபிட்-2. 250 பேர். கல்சியத்தைக் கையாளும் ஒரு புரதத்தின் மரபணுவை இதயக் குருதிக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். முன்னோடி ஆய்வு நம்பிக்கை தந்திருந்தது, எங்கள் துறையில் எல்லோரும் காத்திருந்தோம். 2015இல் முடிவு வந்தது: பலன் இல்லை. பின்னர் இதயத் திசுவை எடுத்துப் பார்த்தபோது, மரபணு போய்ச் சேர்ந்த அளவே மிகச் சொற்பம் என்று தெரிந்தது. எலியின் இதயம் ஒரு பயறு அளவு, மனித இதயம் ஒரு கைப்பிடி. அத்தனை கலங்களையும் நனைக்கும் அளவுக்கு வைரஸைக் கொடுத்தால் ஈரலும் நோயெதிர்ப்புத் தொகுதியும் சும்மா இருக்காது.

ஒரே மரபணுக் கோளாறால் வரும் இதயத் தடிப்பில் நிலைமை மேல். டானன் என்ற நோயில், காணாமல் போன மரபணுவை ஏஏவி-9 வழியாகக் கொடுத்த சிறு ஆய்வு 2024இல் வெளியானது. சிகிச்சை பெற்ற பையன்களின் இதயச் சுவர் மெலிந்தது, அதுவரை கேள்விப்படாத விஷயம். ஆனால் அதற்கு அடுத்த கட்டத்தில், 2025 மே மாதம், ஒரு நோயாளி இறந்துபோனார். ஆய்வு சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்தில் இருக்கிற, உலகின் சிறந்த வைத்தியசாலைகளில் நடந்த கதை இது. உங்களுக்கு ஊசி விற்கிறவர்களிடம் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று கேட்டீர்களா?

எம்வைபிபிசி-3 என்ற மரபணுவில் பிழை வந்தால் பரம்பரைத் தடிப்பு வரலாம், அந்த மரபணுவின் சரியான பிரதியைக் கொடுக்கும் ஆய்வும் 2023இல் அமெரிக்காவில் தொடங்கியிருக்கிறது. அந்த மரபணுவின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நமக்கு அதோடு சொந்தம் உண்டு. அதில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட வடிவம் ஒன்று தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது என்று 2009இல் கண்டுபிடித்தார்கள், மதுரையில் தொடங்கிய ஆராய்ச்சி அது. நாலு பேருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. இருந்தும் ஆயுள் முழுக்கச் சுகமாக இருப்பவர்கள் ஏராளம். ஆகவே இணையத்தில் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். யாருக்கு, எப்போது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஏஏவி பற்றி விற்பனையாளர்கள் வாய் திறக்காத இன்னொரு விஷயம். ஒரு தடவை ஏற்றினால் உடம்பு அதற்கு எதிராக நோயெதிர்ப்பை உருவாக்கிவிடும், அதே வகையை இரண்டாம் தடவை ஏற்ற முடியாது. கியூபிட்டில் ஏற்கனவே அந்த எதிர்ப்பு இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த வட்ஸ்அப் கிளினிக்கின் ஊசியில் வெறும் தண்ணீர் இருந்தால் காசு மட்டும் போகும். நிஜமாகவே ஏதோ ஒரு ஏஏவி இருந்து, பிற்காலத்தில் அப்பாவுக்கோ தம்பிக்கோ பொருத்தமான உண்மையான சிகிச்சை வந்தால், ஊசி போட்டவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

அப்பாவின் வட்டத்தை இன்றைக்கே அறுக்கக்கூடிய மருந்து எது என்று கேட்டால், அது அவருடைய குளிசைப் பெட்டியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. அஞ்சியோடென்சின் கலத்தின் மேல் வந்து ஒட்டும் இடத்தை அடைப்பதுதான் லொசாட்டனின் வேலை. தாக்கும் ஒட்சிசன் உருவான பிறகு அதைத் துரத்தாமல், உருவாகும் இடத்திலேயே குறைக்கிறது. இதயம் தடித்த பிறஷர்க்காரர் 9,193 பேரை வைத்து லைஃப் என்ற ஆய்வு நடந்தது, 2002இல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு லொசாட்டன், மீதிப் பேருக்கு அட்டெனொலோல் என்ற இன்னொரு பிறஷர் மருந்து. இரண்டிலும் பிறஷர் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இறங்கியது. ஆனால் லொசாட்டன் எடுத்தவர்களில் இதயத் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது, பாரிசவாதம் நூற்றுக்கு 25 பங்கு குறைவு. அரச வைத்தியசாலையில் இலவசமாகத் தருகிற மருந்து என்பதால் இதற்கு மதிப்பில்லாமல் போகிறது. 18,000 டொலர் விலை போட்டு, ‘மூலக்கூறு மட்டத்தில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும்’ என்று வீடியோ எடுத்திருந்தால் அப்பா ஒரு நாளும் தவறவிட மாட்டார்.

அதே குளிசையோடு நிற்கும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. 158/96ஐ 130/80க்குக் கீழே கொண்டுவர ஒன்று பெரும்பாலும் போதாது. நம்முடைய நாட்டிலேயே செய்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது, இலங்கை வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேர். டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன் என்ற மூன்று பிறஷர் மருந்துகளையும் சிறிய அளவில் ஒரே குளிசையில் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேர் இலக்கை எட்டினார்கள், வழக்கமான சிகிச்சையில் 55 பேர். பெரிய அளவில் ஒன்றைக் கொடுப்பதைவிடச் சிறிய அளவில் இரண்டு மூன்றைச் சேர்ப்பது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வைத்தியர் இரண்டாவது குளிசையை எழுதினால் ‘வருத்தம் முற்றிவிட்டது’ என்று வீட்டில் அழ வேண்டாம்.

அப்பாவுக்குக் குளிசையை மறுபடி தொடங்கும்போது, விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. எழுதித் தந்த அளவு மட்டும். தொடங்கி ஒன்றிரண்டு கிழமையில் குருதியில் பொற்றாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் பார்க்க வேண்டும். முழங்கால் வலி, முதுகு வலி என்று பாமசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது பிறஷரை ஏற்றும், லொசாட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சம்பலில் போடும் மாசி, கருவாடு, ஊறுகாய், பப்படம், சூப் கட்டி, வெள்ளவத்தைக் கடைகளின் கொத்து எல்லாம் அந்தத் தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். சுப்பர்மார்க்கெட்டில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் இருக்கும், லொசாட்டனும் பொற்றாசியத்தை ஏற்றும். அப்பா இரவில் பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று அம்மாவைக் கேளுங்கள். அதுவும் பிறஷரைப் பிடிவாதமாக வைத்திருக்கும், இதயத்தையும் தடிக்க வைக்கும். யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் சொல்வதில்லை.

அப்புறம், பிறஷரா பரம்பரையா என்பதைத் தீர்க்க வேண்டும். இதற்காக இருதய நோய் நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணுங்கள், அல்லது இப்போது போகும் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு தேசிய வைத்தியசாலையின் இருதயப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது சித்தப்பாவின் மரணச் சான்றிதழும், மரண விசாரணை நடந்திருந்தால் அந்த அறிக்கையும் கையில் இருக்கட்டும். ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்து, 50 வயதுக்கு முன் திடீரென இறந்தவர்கள், காரணமில்லாமல் மயங்கி விழுந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் யார் யார் என்று அப்பம்மாவிடம் கேட்டுக் குறியுங்கள். எந்த ஸ்கானும் தராத தகவல் அந்தத் தாளில் கிடைக்கும். அப்பாவுக்கு ஈசிஜியும், நடுச்சுவரையும் பெருநாடி வால்வையும் கவனித்துப் பார்க்கும் இன்னொரு எக்கோவும் தேவைப்படும். அப்போதும் தெளிவில்லை என்றால் இதய எம்ஆர்ஐ. இன்னொரு வழியும் உண்டு: ஆறு மாதம் பிறஷரை ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்துவிட்டுத் திரும்ப அளந்து பார்ப்பது. பிறஷரால் வந்த தடிப்பு குறையத் தொடங்கும், பரம்பரைத் தடிப்பு அசையாது. குளிசையை ஒழுங்காகப் போட அப்பாவுக்கு இதைவிட நல்ல காரணம் சொல்ல முடியாது.

பரம்பரை என்று உறுதியானால் மரபணுப் பரிசோதனை அப்பாவிடம்தான் தொடங்க வேண்டும், உங்களிடமோ தம்பியிடமோ அல்ல. அவரில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஒரு பிழையை மட்டும் பிள்ளைகளில் தேடினால் போதும். கின்சி வீதியில் உள்ள கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது, ஆலோசனைக்கு அங்கே கேட்கலாம். அந்த நிலையிலும் கைவசம் சிகிச்சை இல்லாமல் இல்லை: பீற்றா தடுப்பு மருந்துகள், ஆபத்து அதிகமானவர்களுக்கு மார்பில் பொருத்தும் டிஃபிபிரிலேட்டர் (தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவி), தடித்த தசை குருதியின் வழியை அடைப்பவர்களுக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மவக்காம்டென் என்ற குளிசை. மரபணு ஆய்வு ஒன்றில் சேரும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அப்படி ஒரு ஆய்வு வந்தால் எப்படி அடையாளம் காண்பது? முறையான ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்கும். அமெரிக்கப் பதிவேட்டில் என்சிரி என்று தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும், இலங்கைக்கும் தனிப் பதிவேடு உண்டு. மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். உங்கள் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கேட்பார்கள், பல பேரைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், ஊசிக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வார்கள். அங்கீகாரம் பெற்று வந்துவிட்ட மரபணுச் சிகிச்சைகளின் விலையையும் சொல்கிறேன். பச்சைக் குழந்தைகளின் தசை நோய் ஒன்றுக்கு 2019இல் வந்த சோல்ஜென்ஸ்மா 21 இலட்சம் டொலருக்கு மேல். 18,000 டொலருக்கு, ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்காமல், மாத முடிவுக்குள் முற்பணம் கேட்கிறவர்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே விளங்கும். முற்பணம் ஏற்கனவே கட்டியிருந்தால் உடனே வங்கியோடு கதையுங்கள்.

தம்பியைத்தான் நான் இந்த மாதத்துக்குள் பார்க்க விரும்புவேன், அப்பாவைவிடக் கெதியாக. 27 வயது, ஓடி விளையாடுகிறவர், சித்தப்பா இறந்ததும் விளையாடும்போதுதான். அவருக்கும் உங்களுக்கும் ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இன்னும் அவசரம், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பியின் முடிவு வரும்வரை மட்ச் வேண்டாம், நடக்கலாம், வேலைக்குப் போகலாம். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. விளையாடும்போது எப்போதாவது தலை சுற்றியதா, நெஞ்சு இறுகியதா, இதயம் தாறுமாறாக அடித்ததா என்று அம்மா இல்லாத நேரத்தில் கேளுங்கள், அம்மாவுக்கு முன்னால் ஆம்பிளைப் பிள்ளைகள் இதற்கு உண்மை சொல்வதில்லை. ஆம் என்றால் சனலிங் நம்பருக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்கு. வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால் முச்சக்கர வண்டி தேடி ஓடாமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். அது வரும்வரை மூச்சு இல்லாதவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்பதை நீங்கள் மூன்று பேரும் இந்தக் கிழமையே எங்காவது பழகிக்கொள்ளுங்கள்.